குதிரைக்காரச் சாமியின் பேர்

— இல்லீங்க ஐயா, தப்பா ஒண்ணும் சொல்லல. சுற்றுலாப் பதிவுல இருக்கற பேரு ஒண்ணு, வந்து நிக்கற ஆளு ஒண்ணு. அதைத்தான் கேட்டேன்.

— தானோ அண்ணே, அது நம்ம அப்பா பேரு. அவரு பெத்த பையன் நான். இதுல ஒண்ணு ஒண்ணுன்னு என்ன இருக்கு?

— "ஒரே ஆள். அவசரமில்லாத நடை. இப்லாவோட பழைய தெருவெல்லாம் பார்க்கணும்." இப்படிச் சொல்லியிருந்தாங்க. யாரோ வெளிநாட்டுப் பெரியவர்னு நெனச்சு இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தேன்.

— சட்டை நல்லாத்தான் இருக்கு. மேனா அண்ணி தேய்ச்சதா?

— வீட்டு விஷயம் சுற்றுலாவுல சேராது, ஐயா.

— ஐயாவா! என் பையன் ஜொவான்னிக்கு ஞானஸ்நானம் நடந்த அன்னிக்கு, கோயில் படியில வச்சு, இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு என்கிட்டேர்ந்து வணக்கத்தை எடுத்தவன் நீ. அவனே இப்ப தாடி வச்சுட்டான். இத்தனை வருஷம் கழிச்சுக் கூடப்பொறந்த அண்ணன் வாயிலேர்ந்து வர்ற முதல் பேச்சு, ஐயா!

— வணக்கத்தை எடுத்தது தானோங்கற ஆளு. உங்களைக் கூட்டிட்டுப் போகப்போறது வழிகாட்டி. வந்தவங்களைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு எங்களுக்கு விதி. மலைமேல இருக்கற மேல ஊர்க்காரரா இருந்தாலும்.

— அது தெரிஞ்சுதான் இந்த ஏற்பாடே. சரி, உன் தம்பி நெல்லோவாக் கேட்டா நீ காது குடுக்க மாட்ட. வாடிக்கையாளராக் கேக்கறேன். ஜொவான்னிக்குப் பையன் பொறந்திருக்கான். ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். இங்க, கீழ, நம்ம கோயில்லயே வைக்கறோம். நீதான் ஞானத்தகப்பனா நின்னு குழந்தையை ஏந்தணும்.

— கேள்வியெல்லாம் இந்தக் குடியிருப்பைப் பத்தி மட்டும் இருந்தா நல்லது. நாம நடக்கலாம். மெதுவா. கல்லு வழவழன்னு இருக்கும், பார்த்து வாங்க.

— நான் பொறந்த தெருவுல என்னைப் பார்த்து வரச் சொல்றான்! நட, நட. நடை முடியறதுக்குள்ள எனக்குப் பதில் வேணும். அவ்வளவுதான்.

— கவனிங்க. இது உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களோட கோயில். வாசலுக்கு மேல பாருங்க, நெருப்புல நிக்கறவங்க. மேலயும் போக முடியாம, கீழயும் போக முடியாம, நடுவுல மாட்டிக்கிட்டவங்க.

— என்னை மாதிரி. நாள் பூரா மேல ஊர், கீழ ஊர், மேல ஊர், கீழ ஊர்னு பஸ் ஓட்டறேன்ல.

— அந்த பஸ்ஸை நான் பார்த்ததில்ல.

— பார்த்ததில்லயா! கொட்டற மழையில தொப்பலா நனைஞ்சுக்கிட்டு மலைப்படி ஏறுவ. நான் ஹாரன் அடிப்பேன். நீ சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டுப் போவ. உள்ள இருக்கற கிழவிங்க எல்லாம் "நெல்லோ, உங்க அண்ணனுக்கு முட்டி தேஞ்சுடும்டா"ன்னு கத்தும்.

— என் முட்டி, நான் தேய்ச்சுக்கறேன்.

— அடப் போப்பா! பிடிவாதத்துக்கு ஒரு சிலை வச்சா உன் முகத்தைத்தான் வைக்கணும்.

— அதுக்கு வேற முகம் இருக்கு. இந்த மாளிகையோட பால்கனிக்கு அடியில பாருங்க. கல்லைத் தாங்கிக்கிட்டு இருக்கே, அந்த மூஞ்சி. வாயிலேர்ந்து பாம்பும் தேளும் வருது பாருங்க. பெத்தவங்க பேரைக் கெடுக்கறவனுக்கும், குடும்பத்தை விட்டு ஓடறவனுக்கும் இந்தக் கதிதான்னு செதுக்கி வச்சிருக்காங்க.

— எனக்குத் தெரிஞ்சு புறம் பேசறவனுக்குன்னுதான் சொல்லுவாங்க. நீ எதுக்குப் புதுசா ரெண்டு சேர்க்கற?

— வழிகாட்டிக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு.

— பக்கத்துல இன்னொருத்தன் நாக்கை நீட்டிக்கிட்டு இருக்கானே, அவன்?

— அவன் வாடிக்கையாளர்.

— ஹா! அப்பா இருந்திருந்தா இதுக்குச் சிரிச்சிருப்பாரு.

— மேற்கொண்டு போகலாம். இந்தச் சந்து ஏறும். அந்தக் காலத்துப் பூகம்பத்துல இந்தக் கீழ ஊர், இப்லா மொத்தமும் மண்ணாப் போச்சு. அதுக்கப்புறம் ஊரு ரெண்டாப் பிரிஞ்சுது. மானமுள்ளவங்க விழுந்த இடத்துலயே, விழுந்த கல்லை எடுத்தே வீடு கட்டினாங்க. மத்தவங்க மலைமேல போய்ப் புதுசா, நேர் நேராத் தெரு போட்டு, புது ஊர் கட்டிக்கிட்டாங்க. இங்க இருந்த சாமியை விட்டுட்டு அங்க வேற சாமியைப் பிடிச்சுக்கிட்டாங்க.

— மானம் இல்லாமப் போகலப்பா. செத்துப்போன குழந்தைங்களோட ஞாபகத்துல இங்கயே நடக்க முடியாதவங்கதான் மேல போனாங்கன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க.

— உங்க பக்கம் எது வேணா சொல்லுவாங்க.

— ஏ தானோ! கண்ணு! அது யாரு உன் கூட? என் கண்ணாடியைக் காணோம், ஆனா அந்த நடையை எனக்குத் தெரியுமே!

— வணக்கம், பியெரா அத்தை. ஒரு வாடிக்கையாளர். பழைய பரோக் பாணிக் கட்டடம் பார்க்க வந்திருக்காரு.

— நான்தான் அத்தை, நெல்லோ! பால்கனியிலேர்ந்து விழுந்துடாதீங்க!

— மாதாவே! அண்ணனும் தம்பியுமா! நம்ம ஊர்க் குதிரைக்காரச் சாமி குதிரையை விட்டு எறங்கிட்டாரா இன்னிக்கு? இருங்க, இருங்க, கூடையை எறக்கறேன். அடுப்புலேர்ந்து இப்பத்தான் எடுத்தேன், தக்காளியும் பாலாடைக்கட்டியும் வச்சு மடிச்ச ரொட்டி. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க.

— வேணாம் அத்தை, நான் வேலையில இருக்கேன்.

— வேலையில இருந்தா வாய் இல்லயா கண்ணு? கயிறு கையை அறுக்குது, சீக்கிரம் எடு. உங்க மேனா கூட வாங்காமத்தான் போனா. இப்பத்தான் தோட்டத்துப் பக்கம் போறா. கையில வெள்ளைத் துணியில சுத்தின மூட்டை. நிக்கவே இல்ல, பறக்கறா.

— மேனாவா? அவ மேல ஊருக்கு மருந்து வாங்கப் போயிருக்கா அத்தை. வியாழக்கிழமைன்னா அங்கதான் போவா.

— கண்ணாடி இல்லாமப் பார்த்தேன், வேற யாரோவா இருக்கும். சாப்பிடுங்கடா! ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு மெல்லறதைப் பார்த்துட்டுத்தான் பால்கனிக் கதவைச் சாத்துவேன்.

— சூடு அண்ணே. ஊதிச் சாப்பிடு. அத்தை கையில தக்காளிக்குன்னு தனி ருசி.

— ம்.

— சின்ன வயசுல ஒரே ரொட்டியைப் பிச்சு, பெரிய துண்டை என்கிட்ட தள்ளுவ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்குவ.

— வாயைத் துடைச்சுக்குங்க ஐயா. சதுக்கம் வந்தாச்சு. கோயிலுக்கு முன்னாடி தக்காளி வடிஞ்ச முகத்தோட நிக்கக் கூடாது.

— இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு நிக்குது அண்ணே. எத்தனை தடவை பார்த்தா என்ன.

— படிக்கட்டு முடியற இடத்துல முகப்பு நிக்குது. ஆனா சதுக்கத்துக்கு நேரா இல்ல. கொஞ்சம் திரும்பி நிக்குது, பாருங்க. தெரியாமக் கட்டினது இல்ல. நேரா வச்சா பின்னால இருக்கற குவிமாடம் மறைஞ்சுடும். அதனால தோளைச் சாய்ச்சு நிக்க வச்சிருக்காங்க.

— அப்பா சாவுல நீ நின்ன மாதிரி. அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். நேருக்கு நேரா நின்னா நான் தெரிஞ்சுடுவேன்னு தோளைச் சாய்ச்சுக்கிட்டு நின்ன. சுவத்துல ஒட்டற சாவு நோட்டீஸ் கூட ரெண்டா அடிச்சோம். ஒரு அப்பனுக்கு ரெண்டு நோட்டீஸ். ஊரே படிச்சுச் சிரிச்சுது.

— படிக்கட்டோட இரும்புக் கதவு பூட்டியிருக்கும். திருவிழாவுக்கு மட்டும்தான் திறப்பாங்க. மத்த நாள்ல எல்லாரும் பக்கவாசல் வழியாத்தான் உள்ள போகணும்.

— ஒரு கேள்வி, வழிகாட்டி ஐயா. குடியிருப்பைப் பத்தின கேள்விதான்.

— கேளுங்க.

— இந்தக் கோயிலுக்குப் பேரு என்ன?

— குதிரைக்காரச் சாமி கோயில்.

— அது குதிரை மேல உக்காந்து ராட்சசப் பாம்பைக் குத்தற சாமி, சரி. அந்தச் சாமிக்கு ஒரு பேரு இருக்கணுமே?

— பலகையில நாலு பாஷையில எழுதியிருக்கு. படிச்சுக்கலாம்.

— நீ சொல்லேன்.

— இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல.

— கேட்டிருக்க மாட்டாங்க. எல்லாரும் பலகையைப் படிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க. ஊர்ச் சாமி பேரும் அதுதான், நம்ம அப்பா பேரும் அதுதான். நாலு தெரு தள்ளி இருந்துக்கிட்டு நீ அதை ஒரு தடவை கூடச் சொல்றதில்ல. அந்தக் குழந்தை போனதிலேர்ந்து நம்ம குடும்பத்துல யாருமே…

— நிறுத்துடா!

— நிறுத்திட்டேன். நிறுத்திட்டேன் அண்ணே. கதவுக்கு வெளிய இருக்கற இந்தப் படியில உக்காரு.

— அதைப் பேச உனக்கு என்ன உரிமை இருக்கு? உனக்கு?

— ஒண்ணும் இல்ல. உக்காரு.

— என் பையன் ரெண்டு ராத்திரி இருந்தான். ரெண்டாவது ராத்திரி என் விரலைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கினான். செவிலி அம்மாவே தண்ணி ஊத்தி அப்பா பேரை வச்சா, பாதிரியார் வர்ற வரைக்கும் தாங்காதுன்னு. அந்த விரல் விஷயத்தை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. மேனாகிட்ட கூட.

— இப்ப என்கிட்ட சொல்லிட்ட.

— அடுத்த மாசமே உனக்குப் பையன் பொறந்தான். அப்பா பேரைச் சொல்ல இன்னொரு உசிரு வந்துடுச்சுன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன், நெல்லோ. பொறாமைப்படல. மூத்த பேரனுக்குப் பாட்டன் பேரு. இந்த ஊருல கழுதை மேய்க்கறவன் கூட அதைத் தவற மாட்டான். உங்க மேல ஊர்க் கோயில்ல பாதிரியார் "என்ன பேரு?"ன்னு கேக்கறாரு. நீ நெஞ்சை நிமித்திக்கிட்டு "ஜொவான்னி"ங்கற. உன் பெண்டாட்டி ஊர்ச் சாமி பேரு! அப்பா அங்க தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. அன்னிக்கு ராத்திரி அவரு சாப்பிடவே இல்ல. என் கண்ணால பார்த்தேன்.

— அப்பாடா. எல்லாம் வந்துடுச்சா?

— கிண்டல் பண்ணாத.

— கிண்டல் இல்ல அண்ணே. இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவை கூட என்கிட்ட கேக்கல.

— கேக்கணும்னா பேசணுமே.

— வா, எந்திரி. நடந்துக்கிட்டே சொல்றேன். இங்க சங்கத்து ஜன்னல்ல நாலு பேரு காதை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்.

— அது பிரபுக்கள் கட்டின உரையாடல் சங்கம். மாலையில வந்து பேசிக்கிட்டு இருக்கறதுக்குன்னே கட்டினது.

— நம்ம ரெண்டு பேரையும் வாசப்படி ஏத்த மாட்டாங்க. தகுதி பத்தாது.

— விஷயத்தைச் சொல்லு.

— சொல்லிட்டா மறுபடி ஐயான்னு கூப்பிட மாட்டியே?

— சொல்லுடா.

— ஜொவான்னி பொறந்த அன்னிக்கு மேல ஊர் ஆஸ்பத்திரிக்கு அப்பா வந்தாரு. தனியா. பஸ்ல இல்ல, படியேறி. மூச்சு வாங்குது மனுஷனுக்கு. குழந்தையைக் கையில வாங்கினாரு, முத்தம் குடுத்தாரு. நான், "அப்பா, உங்க பேரன், உங்க பேரு"ன்னேன். அவரு வேணாம்னுட்டாரு.

— என்ன வேணாம்னாரு?

— அவரு பேரை வைக்க வேணாம்னாரு.

— பொய்.

— எம் பேரன் மேல சத்தியமா. அப்ப நாங்க உங்களுக்கு எதிர்வீட்டுல இருந்தோம், ஞாபகம் இருக்கா? ரெண்டு வீட்டு ஜன்னலும் கை நீட்டினா தொடும். அப்பா சொன்னாரு: "நீ உன் பையனைக் காலையில பேரு சொல்லி எழுப்புவ. தெருவுல ஓடினாப் பேரு சொல்லிக் கூப்பிடுவ. சாப்பிட வான்னு கத்துவ. ஒவ்வொரு தடவையும் மேனா திரும்பிப் பார்ப்பா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பொண்ணு திரும்பணும்?" இதுதான் அண்ணே அவரு சொன்னது.

— அப்பாவா சொன்னாரு?

— அன்னிக்கு ராத்திரி சாப்பிடலன்னு சொன்னியே. தன் பேரைத் தானே வேணாம்னு சொல்லிட்டு, வேற பேரு வைக்கறதை நின்னு கேட்டவருக்குச் சாப்பாடு எறங்குமா?

— அப்ப ஜொவான்னிங்கற பேரு?

— ஏதாவது வைக்கணுமே. என் பெண்டாட்டி ரீனா சொன்னா, "எங்க ஊர்ச் சாமி பேரை வையுங்க, எல்லாரும் என்னைத் திட்டிட்டுப் போகட்டும், காரணம் தேட மாட்டாங்க"ன்னு. இன்னிக்கு வரைக்கும் திட்டறாங்க. அவ வாயைத் திறக்கல. அடுத்த மாசமே வீட்டையும் காலி பண்ணிட்டு மேல ஊருக்குப் போயிட்டோம். குழந்தை அழற சத்தம் கூட அந்த ஜன்னலுக்குப் போகக் கூடாதுன்னு.

— நெல்லோ.

— சொல்லு.

— கோயில் படியில எல்லாருக்கும் முன்னாடி நான் உன்கிட்டேர்ந்து வணக்கத்தை எடுத்தேன். ஒரு வார்த்தை காதுல சொல்லியிருக்கலாமேடா!

— சொன்னா நீ அண்ணிகிட்ட சொல்லாம இருப்பியா? தன்னாலதான் மாமனார் பேரு அத்துப்போச்சுன்னு அவ தெரிஞ்சுக்கிட்டா? அதோட, ரெண்டு வாரம் கழிச்சு நான் அப்பாகிட்ட போய் அழுதேன், அண்ணன் என்னைப் பார்க்கறதே இல்லன்னு. அவரு சொன்னாரு: "குழந்தை போனப்போ தானோ படுத்த படுக்கையாக் கெடந்தான். இப்பக் கோவத்தை ஊன்றுகோலாப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நடக்கறான். அதைப் பிடுங்காத. கால் சரியானதும் அவனே கீழ போட்டுடுவான்."

— நான் போடல.

— போடல.

— கால் எப்பவோ சரியாப் போச்சு. கோல் நல்லா இருக்குன்னு வச்சுக்கிட்டேன்.

— பின்ன? அதை வச்சு என் முதுகுல நல்லா சாத்தவும் செஞ்ச. விடு. தோட்டம் வந்தாச்சு. பனைமரத்துக்கு அந்தப் பக்கம் பழைய வாசல் தெரியுது பாரு. சுற்றுலா இங்கதானே முடியும்?

— இங்கதான். அது பழைய கோயிலோட வாசல். பூகம்பத்துல கோயில் முழுக்க விழுந்துடுச்சு, வாசல் மட்டும் நிக்குது. குதிரையும் சாமியும் செதுக்கினது அரிச்சுப் போயிருக்கு. முகம் தெரியாது. எல்லாரையும் இங்கதான் கொண்டுவந்து விடுவேன். ஏன்னு தெரியல. என் வாயில இன்னிக்கு எதுவும் சரியா வரல.

— போதும். நல்லாத்தான் சொன்ன.

— அப்பா செத்தும் ரொம்ப நாள் ஆச்சு. இன்னிக்கு எதுக்கு வந்து சொல்ற?

— அண்ணி சொல்லலாம்னுட்டா.

— மேனாவா! அவளுக்குத் தெரியுமா?

— வியாழக்கிழமை வியாழக்கிழமை மேல ஊருக்கு மருந்து வாங்க வர்றாளே, இப்லாவுல ரெண்டு மருந்துக்கடை இருக்கே, இவ எதுக்கு மலை ஏறிப் போறான்னு நீ யோசிச்சதே இல்லயா?

— இல்ல.

— உன் தொழிலே எல்லாத்துக்கும் காரணம் சொல்றது! எங்க வீட்டுக்குத்தான் அண்ணே வருவா. வணக்கத்தை எடுக்கறதெல்லாம் ஆம்பளைங்க வேலை. பொம்பளைங்க பின்வாசல் வழியாப் போய் வந்துக்கிட்டுதான் இருந்தாங்க. ஆனா இந்தப் பேரு விஷயத்தை நாங்க யாரும் அவகிட்ட மூச்சு விட்டதில்ல. போன மாசம் குழந்தை பொறந்தப்போ வந்தா. தூக்கி வச்சுக்கிட்டா. பேரு என்னன்னு கேட்டா. வழக்கப்படி என் பேருதான்னேன். அப்பத்தான் வெடிச்சா.

— அழுதாளா?

— திட்டினா! "நீங்க எல்லாரும் என்னை என்னன்னு நெனச்சீங்க? அந்த மாசத்துலேர்ந்து வீட்டுல ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்றதில்ல. சாமியைக் குதிரைக்காரன்னாங்க. மாமாவைத் தாத்தான்னாங்க. அவரு கூட்டாளிங்க கூட அவரைப் பேரு சொல்லிக் கூப்பிடறதை விட்டாங்க. எனக்குப் புரியாதா? என் பையனுக்குன்னு மிச்சம் இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். யாராவது தப்பித் தவறிச் சொல்லிட மாட்டாங்களா, ஒரு தடவை காதுல விழாதான்னு நான் ஏங்கிக்கிட்டு இருந்தேன். நீங்க எல்லாரும் சேர்ந்து அதையும் புதைச்சுட்டீங்க"ன்னா.

— மேனா அப்படிச் சொன்னாளா?

— சொன்னா.

— ஒரே கட்டில்ல படுக்கறோம். நானும் அவளுக்காகத்தான் சொல்லாம இருந்தேன். சொல்லாம சொல்லாம நாக்கே மரத்துப் போச்சு.

— அதனாலதான் உன்கிட்டப் பதிவு பண்ணினதே. அப்பா பேர்ல பண்ணினது நான் இல்ல. அண்ணி. அவதான் போன் போட்டு, குரலை மாத்திப் பேசிப் பண்ணினா. என்னையும் "நாலு மணிக்கு உத்தரிக்கிற ஸ்தலத்துக் கோயில்ல போய் நில்லு, அவர் எவ்வளவு வாய் பேசினாலும் தோட்டம் வரைக்கும் கூட்டிட்டு வந்துடு"ன்னா.

— இஸ்திரி போட்ட சட்டையையும் அவதான் எடுத்து வச்சா.

— பின்ன.

— அப்போ குழந்தைக்கு உன் பேரை வைக்கலயா?

— என் பேரு என்ன பெரிய பேரு! ஹாரன் அடிச்ச பேரு. நான் விட்டுக் குடுத்துட்டேன். ஜொவான்னியும் சந்தோஷமாச் சரின்னுட்டான்.

— அப்ப என்ன பேரு?

— எனக்கும் வாயில வரமாட்டேங்குது அண்ணே. பழகிப் போச்சு. நீ இன்னும் பதில் சொல்லலயே. நடை முடிஞ்சுபோச்சு.

— ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?

— பதினோரு மணி பூசைக்கு அப்புறம். பக்கவாசல் பக்கம் எல்லாரும் கூடுவோம்.

— பக்கவாசலா? பாதிரியார்கிட்ட நான் பேசறேன். இரும்புக் கதவைத் திறந்து வைக்கச் சொல்றேன். எம் பேரனை நடுப்படியில, முன்வாசல் வழியாத் தூக்கிட்டுப் போவேன். எவன் கேக்கறான்னு பார்க்கறேன்.

— அத்தனை படியா! உன் முட்டி?

— கையைக் குடு. அழாத, கெழவா. வழிகாட்டி பார்த்துக்கிட்டு இருக்கான்.

— நீதான் அழற. அண்ணே, அங்க பாரு. வாசலுக்குக் கீழ.

— மேனாவா அது? அந்த வெள்ளைத் துணி… மருந்து மூட்டை இல்லயா? மேனா!

— கத்தாதீங்க, இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்கான்! அங்கயே நில்லுங்க ரெண்டு பேரும், முதுகைக் காட்டிக்கிட்டு. நான் சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது. ம், அப்படித்தான். ஜோர்ஜோ! டேய் ஜோர்ஜோ! பார்த்தியாடா தங்கம், உன் பேரைக் கூப்பிட்டா ரெண்டு கெழவங்க எப்படித் திரும்பறாங்கன்னு!